கிணற்றடியில் ஓர் அமானிதம்

சுற்றாடல் விஞ்ஞானம் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உயர்தர உயிரியல் பிரிவில் தோற்றும் பிள்ளைகளில் அநேகர் மருத்துவத்தை நினைத்தே படிக்கிறார்கள். இசட் புள்ளி போதாமற் போகும்போது கிடைத்த கற்கைநெறிக்குப் போகிறார்கள். அப்படிப் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று சுற்றாடல் விஞ்ஞானம். வடக்கில் அதை வவுனியாவில் படிக்கலாம்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமான அங்கே அதற்கென்றே ஒரு பட்டம் உண்டு. படித்து முடித்தவர் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கோ ஏதேனுமொரு தொண்டு நிறுவனத்துக்கோ விண்ணப்பித்தால், அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். ஆகவே மாணவப் பருவத்திலேயே அனுபவம் தேடும் ஓட்டம் தொடங்கிவிடுகிறது. கடற்கரை துப்புரவாக்கல், கண்டல் நடுதல், பறவைக் கணக்கெடுப்பு, சில மாதப் பயிற்சி, இறுதியாண்டில் கள ஆய்வும் ஆய்வேடும். பெரும்பாலானவற்றின் முடிவில் ஒரு சான்றிதழ் கைக்கு வரும்.

நான் விஞ்ஞானி அல்லன். தெல்லிப்பழைப் பக்கத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் கற்பிப்பவன். உத்தியோகம் பற்றிய கேள்விக்கு விடை சொல்லத் தகுதி இல்லாதவன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பதாக நினைக்கிறேன். அந்த அனுபவத்தை மாணவர் யாரிடமிருந்து பெறுகிறார்? பெற்றுக்கொண்டதற்கு அவர்மேல் என்ன கடன் விழுகிறது?

இத்தகைய விடயங்களில் நாம் முதலில் நிய்யத்தைப் பற்றிப் பேசிப் பழகியவர்கள். சான்றிதழுக்காக நட்ட கண்டற் கன்றுக்கு நன்மை உண்டா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதன் கூலி அல்லாஹ்விடம் உள்ள விடயம். கன்று வேர் பிடித்தால் இறாலும் மீன் குஞ்சும் அதன் கீழே ஒதுங்கும்; நட்டவரின் மனதில் என்ன இருந்தது என்று அவை விசாரிக்கப் போவதில்லை. மறுமை நாள் வந்துவிட்ட வேளையிலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடச் சொன்ன நபியவர்களின் (ஸல்) போதனை நம் எல்லோருக்கும் தெரிந்தது. கொடுக்கும் செயலில் சிக்கல் குறைவு. சிக்கல் எடுக்கும் செயலில்தான் இருக்கிறது. கள ஆய்வு என்பது எடுக்கும் செயல்.

எங்கள் பகுதியில் அவர்கள் எடுப்பது தண்ணீர். வலிகாமத்தில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றே உண்டு. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையைச் செம்மண் உறிஞ்சி, கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்த்து வைக்கிறது. அந்த நன்னீர் உவர்நீருக்கு மேலே ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பதடி ஏறும் என்பதும் அதே கணக்குத்தான். கீரிமலைக் கேணியில் ஊறுவதும் நிலாவரையில் நிற்பதும் எங்கள் வளவுகளில் அள்ளுவதும் சுண்ணாம்புக் கல் தேக்கிய தண்ணீரே. வளவுகளை நாம் வேலியடைத்துப் பிரித்திருக்கிறோம். கீழே கல்லின் வெடிப்புகள் பிரிபடாமல் ஓடுகின்றன.

இந்த அமைப்பில் மேலே போடுவது எதுவும் கீழே போகாமல் இருப்பதில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியா, கிணற்றுக்குக் கிட்ட வெட்டிய மலசலகூடக் குழி, மாட்டுக் கொட்டில், இவை எல்லாவற்றிலுமிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடும். ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெரியவர்களைவிடப் புட்டிப்பால் குடிக்கும் சில மாதக் குழந்தைக்கே உடனடி ஆபத்து அதிகம்; குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இழக்க, உடம்பு நீலம் பாரிக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் இது கூடுதலாக இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். நாற்பது வருடங்களாக அது தெரிந்த விடயம். யாருக்குத் தெரிந்த விடயம் என்பதுதான் கேள்வி.

மாணவர்கள் வருவதைப் பார்த்திருக்கிறேன். கழுவிய போத்தல்கள், அமிலத்தன்மை பார்க்கும் சிறிய கருவி, இடத்தைக் குறிக்க ஒரு கைத்தொலைபேசி. படலையில் நின்று கூப்பிடுவார்கள். எங்கள் சனம் யாரென்று கேட்டதும் உள்ளே விடும். வாளியால் தாங்களே அள்ளிக் கொடுக்கும், தேநீரும் கொடுக்கும். போத்தலில் இலக்கம் எழுதி ஒட்டுவார்கள். அத்துடன் அந்தக் கிணறு இன்னாருடைய கிணறு என்பது போய், பதினேழாம் இலக்க மாதிரி ஆகிவிடும். பின்னர் அது ஓர் அட்டவணையில் ஒரு வரி. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படும், கட்டப்படும், நூலகத்தில் வைக்கப்படும். மாணவருக்குப் பட்டம் கிடைக்கும். கிணற்றுக்காரர் முன்னர் குடித்த தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பார். யாரும் அவரிடம் பொய் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இதே கற்கைநெறியில் இறுதியாண்டு ஆய்வுக்காக எங்கள் பகுதிக் கிணறுகளில் நீர் எடுத்தாள். ஒரு வீட்டின் மாதிரியில் நைத்திரேற்று எல்லையைத் தாண்டி நின்றது. அந்த வீட்டில் கைக்குழந்தை உண்டு; புட்டிப்பால். மேற்பார்வையாளரிடம் கேட்டிருக்கிறாள். ஆய்வு முடியுமுன் முடிவுகளை வெளியே விடுவது முறையல்ல என்று பதில் வந்திருக்கிறது. எனக்குத் தொலைபேசி எடுத்து, "சேர், அந்த வீட்டுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டாள்.

மேற்பார்வையாளரின் பக்கத்து நியாயங்களை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஒரேயொரு மாதிரியை வைத்து ஒரு கிணற்றைக் குற்றஞ்சாட்ட முடியாது. போத்தல் சரியாகக் கழுவப்படாமல் இருக்கலாம். மழைக்கு முன்னும் பின்னும் அளவு மாறலாம். மாணவியின் கை இன்னும் பழகாத கை. அது முதலாவது. இரண்டாவது, செய்தி ஒரு வீட்டுடன் நிற்காது. ஒழுங்கை முழுவதும் பரவி, பயமாக உருமாறி, கடைசியில் யாரோ ஒருவருடைய காணி விலையிலும் மரக்கறி விலையிலும் போய் முடியும். மூன்றாவதுதான் கனமானது. மாற்று வழி கொடுக்க முடியாத இடத்தில் நோயை மட்டும் சொல்வது இரக்கமா? வேறு கிணறு இல்லாதவரிடம் உன் கிணறு கெட்டது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போவது எவ்வகை அறம்?

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நமது மரபு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். மதீனத்துச் சந்தையில் நபியவர்கள் (ஸல்) ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி எல்லா மத்ரஸாக்களிலும் சொல்லிக் கொடுக்கப்படுகிறது. மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, வாங்குபவர் கண்டுகொள்வாரே என்பது நபியவர்களின் பதிலின் சாரம். இந்நிகழ்ச்சியை ஏமாற்று வியாபாரத்துக்கு எதிரான பாடமாகவே கேட்டு வளர்ந்தோம். ஒரு விஞ்ஞான ஆசிரியனின் கண்ணுக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. அங்கே ஒருவர் மாதிரி எடுக்கிறார். கண்ணுக்குத் தெரியாத குறை கையில் தட்டுப்படுகிறது. கண்டவர் அந்த இடத்திலேயே, அதைச் சரிசெய்யக் கூடியவரிடமே, மற்றவர்களுக்கும் பயன்படும்படி சொல்லிவிடுகிறார். குறையை அறிந்ததற்கும் சொன்னதற்கும் இடையில் காலம் ஓடவில்லை.

அல்பகறா அத்தியாயத்தின் கடன் கொடுக்கல் வாங்கல் பற்றிய வசனங்களின் தொடரில், சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்தில் வீழ்ந்ததாகக் கருத்து வருகிறது. நாவைச் சொல்லாமல் உள்ளத்தைச் சொன்னது யோசிக்க வைக்கிறது. மறைத்தவர் ஒன்றும் பேசவில்லை. ஆகவே நாவில் குற்றம் இல்லை. அறிந்திருந்தும் வைத்துக்கொண்டிருந்த இடத்தில்தான் குற்றம். இதற்குச் சமநிலையாக அல்ஹுஜுராத் அத்தியாயம் இருக்கிறது. ஒரு செய்தி வந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிடாதபடி, அதைத் தீர விசாரித்துக் கொள்ளும்படி அது கட்டளையிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் வழி தெளிவாகிறது. விசாரிக்கும் கடமை சொல்லும் கடமையைத் தள்ளுபடி செய்வதில்லை. அதற்கு ஒரு தவணை கொடுக்கிறது. இரண்டாவது போத்தல் எடுக்கும்வரை பொறுக்கலாம். பட்டமளிப்பு விழாவரை பொறுக்க முடியாது.

அந்தப் பிள்ளைக்கு இதைத்தான் சொன்னேன். அவள் மறுபடியும் நீர் எடுத்தாள். அக்கம்பக்கத்து இரண்டு கிணறுகளிலும் எடுத்தாள். முடிவு மாறவில்லை. தமிழில் ஒரு பக்கம் எழுதினாள். இது என்ன, யாருக்குக் கூடாது, கொதிக்க வைப்பதால் ஏன் பயனில்லை, குழந்தைக்குப் பால் கரைக்க எங்கேயிருந்து தண்ணீர் எடுக்கலாம், அவ்வளவுதான். தனியாகப் போகாமல் குடும்பநல உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் இருந்த வயது போன அம்மா, "அப்ப பிள்ளை, நாங்கள் இவ்வளவு காலமும் குடிச்சது?" என்று கேட்டாவாம். குழந்தைக்கு மட்டும் வேறு தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். பின்வளவுத் தோட்டக்காரர் ஒருவர், தன்னுடைய பசளையைப் பழி சொல்ல வந்தவள் என்று அவளை ஏசியும் இருக்கிறார். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. கடன்பட்டுத் தோட்டம் செய்கிறவர். பசளையைக் குறைத்தால் விளைச்சல் குறையும் என்ற பயத்துக்கு அவளிடம் பதில் இருக்கவில்லை. சொல்வதற்கு விலை உண்டு. அதை மறைத்துவிட்டு இளையவர்களுக்கு உபதேசம் செய்வது நேர்மையாகாது.

சொல்லாமல் விடுவதற்கும் விலை உண்டு என்பதை எங்கள் ஊர் அதற்கு முன்னரே கண்டது. சுன்னாகம் தெல்லிப்பழையிலிருந்து தூரமில்லை. அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளின் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்ற முறைப்பாடு 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரிதாக வெடித்தது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனைகள் பல கிணறுகளில் எண்ணெய் இருப்பதாகக் காட்டின. மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, ஆபத்தான நச்சுப் பொருட்கள் இல்லை என்றது. இரண்டு பக்கத்திலும் படித்தவர்கள். கிணற்றடியில் நின்றவர்களுக்கு எந்த அறிக்கையும் அவர்களுடைய மொழியில் விளங்கும்படி போய்ச் சேரவில்லை. பவுசரில் தண்ணீர் வந்தது, வதந்தியும் வந்தது. குடிக்கலாமா, குளிக்கலாமா, பயிருக்கு விடலாமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

2015இல் தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளரான ரவீந்திர குணவர்தன காரியவசம் நாட்டின் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, மின்னுற்பத்தி செய்த தனியார் கம்பனி பாதிக்கப்பட்டவர்களுக்காக இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று கட்டளையிடப்பட்டது. எங்கள் கிணற்றுக்காக வழக்காடியவர் எங்கள் மொழி பேசுபவரல்லர், எங்கள் மதத்தவருமல்லர், எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளியவருமல்லர். சாட்சியம் சொல்வதற்கு இரத்த உறவு தேவையில்லை என்பதற்கு இதைவிட அண்மையான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஃபிளின்ட் நகரிலும் தண்ணீர்ப் பிரச்சினை. 2014 ஏப்ரலில் நகரத்தின் குடிநீரை வேறு ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அந்த நீர் பழைய குழாய்களை அரித்ததால் ஈயம் கரைந்து வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு மாநிலத்தின் பல்கலைக்கழகமான வேர்ஜீனியா டெக்கிலிருந்து பேராசிரியர் மார்க் எட்வேர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு மாதிரிப் போத்தல்களை அனுப்பி, குடியிருப்பாளர்களைக் கொண்டே நீர் எடுப்பித்தார்கள். கண்டதை ஆய்விதழில் வரும்வரை வைத்திருக்காமல், குடியிருப்பாளர்களுக்கும் பொதுவிலும் அறிவித்தார்கள். 2015 செப்டெம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அத்திஷா குழந்தைகளின் குருதியில் ஈயம் கூடியிருப்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். முதலில் அவரைக் குறை சொன்னார்கள். பின்னர் அவர் சொன்னதையே ஒப்புக்கொண்டார்கள். அந்த மாணவர்களும் அனுபவம் பெற்றவர்களே. அவர்கள் பெற்ற அனுபவம், தாம் கண்டதற்குத் தாமே பொறுப்புச் சொல்லும் அனுபவம்.

அனுபவம் என்ற சொல்லை நாங்களும் ஒரு காலத்தில் தவறாத வார்த்தையாகக் கேட்டோம். ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் கற்பித்தல் பயிற்சிக்காக எங்களை ஊர்ப் பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள். குரல், கரும்பலகைப் பாவனை, பாடக்குறிப்பு எல்லாவற்றுக்கும் பின்வரிசையில் இருந்து புள்ளி போடுவார்கள். ஒரு மூத்த விரிவுரையாளர் மட்டும் பாடம் முடிந்ததும் எங்களைப் பாராமல் பிள்ளைகளின் கொப்பிகளைப் புரட்டுவார். "உமக்குரிய புள்ளி இதுக்குள்ளதான் இருக்கு" என்பார். நாங்கள் பயிற்சி எடுத்தது உயிருள்ள பிள்ளைகளில். அவர்களுடைய ஒரு தவணைக் காலம் திரும்பி வராது. அதைச் செலவழித்து நாங்கள் ஆசிரியரானோம். சுற்றாடல் மாணவருக்கும் இதே கணக்கு. அவர் பயிற்சி எடுப்பது ஆய்வுகூடத் தண்ணீரில் அல்ல; ஒரு வீட்டின் குடிநீரில். அது விளங்கினால் மாதிரி என்ற சொல்லுக்குப் பதிலாக அமானிதம் என்ற சொல் தானாக வந்துவிடும். அமானிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் மட்டும் போதாது. உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் வரைவிலக்கணத்திலேயே உள்ளது.

நமது சட்ட மரபில் இதற்கு இடம் இல்லாமலில்லை. கிணற்றைச் சுற்றி ஹரீம் என்ற காப்பெல்லையை இமாம்கள் வகுத்தார்கள். அந்த எல்லைக்குள் மற்றவர் கிணற்றுக்குக் கேடு வரும்படி எதுவும் செய்யக் கூடாது. நாற்பது முழம் என்ற அளவு அறிவிப்புகளில் வருகிறது. அளவில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு, நோக்கத்தில் இல்லை. நாற்பது முழம் அறுபது அடி. இன்று நமது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே ஐம்பது அடி வேண்டும் என்று வழக்கமாகச் சொல்கிறார்கள். பாலைவனத்துக் கிணற்றைப் பற்றி யோசித்தவர்களும் யாழ்ப்பாணத்துக் கிணற்றைப் பற்றி யோசித்தவர்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு வழியே மாசு எவ்வளவு தூரம் போகும் என்பதை முழக்கோலால் அளக்க முடியாது. இங்கே ஹரீம் எங்கே முடிகிறது என்று சொல்லக் கூடியவர் அந்தப் போத்தலோடு வந்த மாணவர்தான். அவருடைய அறிவு இன்றைய ஃபிக்ஹுக்குத் தேவைப்படுகிறது. அவர் பேசாவிட்டால் நமது சட்டமும் பேச முடியாது.

கிணறு வேறொரு வகையிலும் சாட்சி. 1990 இலங்கைத் தமிழ் பேசும் மக்களில் இரு சாராருக்கும் மறக்க முடியாத ஆண்டு. அவ்வருடம் போர் மூண்டதும் வலிகாமம் வடக்கிலிருந்து தமிழர்கள் இடம்பெயர்ந்தார்கள். நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. அதே வருடம் ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பத்து வயதில் நானும் அப்படி வெளியேறியவன்தான். புத்தளத்தில் அந்த ஊர் மக்கள் திறந்துவிட்ட கிணறுகளில் வரிசையில் நின்று வளர்ந்தவன். இருபது வருடங்களும் அதற்கு மேலும் கழிந்து மக்கள் திரும்பியபோது தெல்லிப்பழைப் பக்கத்துக் காணிகள் பல பற்றைக் காடாகிக் கிடந்தன. வேலியில்லை, சுவரில்லை, எல்லைக் கல்லில்லை. தங்கள் வளவை அவர்கள் கண்டுபிடித்தது பற்றைக்குள் மறைந்திருந்த கிணற்றுக் கட்டைக் கொண்டுதான்.

மன்னார் மாவட்டத்து முசலியிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குழி போன்ற கிராமங்களின் முஸ்லிம்கள் அகதிகளாக வெளியே இருந்த காலத்தில் அங்கே காடு வளர்ந்தது. 2012இல் அப்பகுதி நிலங்கள் வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. திரும்பி வந்தவர்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று நாடெங்கும் பேசப்பட்டார்கள். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு வனப்பகுதியில் மரங்களை அழித்துக் குடியேற்றியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்து, அங்கே மீண்டும் மரம் நடும் செலவை அமைச்சராக இருந்த ஒருவர் ஏற்க வேண்டும் என்றது. இதை நாம் இனவாதம் என்ற ஒரே சொல்லால் கடந்துபோகக் கூடாது. காடும் அமானிதம்தான், வெட்டக் கூடாத இடத்தில் நம்மவர் வெட்டினாலும் அது வெட்டுத்தான். அதே வேளையில், வரைபடத்தில் பச்சை நிறம் பூசும்போது அங்கே வாழ்ந்தவர்கள் கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் உண்மை. மரங்களை எண்ணப் போகும் மாணவர் மரத்தடியில் ஒரு பாழ்கிணற்றைக் கண்டால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மரத்தை மட்டும் எழுதிக் கிணற்றை விட்டால் அது அரைச் சாட்சியம். கிணற்றை மட்டும் காட்டி மரத்தை மறைப்பதும் அரைச் சாட்சியமே.

ஆகவே இந்தக் கற்கைநெறியில் நம் பிள்ளைகள் சேர வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, சேர வேண்டும் என்றே சொல்வேன். மருத்துவம் கிடைக்காதவர்களின் ஒதுக்கிடமாக அதைப் பார்ப்பதை விட வேண்டும். நோய் வந்தபின் வைத்தியரிடம் போகிறோம். நோய் தண்ணீரில் இருக்கும்போதே காண்பவர் இவர். ஆனால் போகும் பிள்ளையிடம் மூன்று விடயங்களை வீட்டிலும் பள்ளியிலும் சொல்லி அனுப்பலாம். எடுக்கும் முன் ஏன் எடுக்கிறோம் என்று கிணற்றுக்காரருக்குச் சொல். எடுத்ததை உறுதிப்படுத்து. உறுதியானதை அவருடைய மொழியில், அவர் செய்யக் கூடிய ஒரு காரியத்தோடு சேர்த்து, அவரிடமே முதலில் கொண்டுபோய்க் கொடு. மாற்று வழி இல்லாத இடத்தில் சொல்வது இரக்கமா என்ற கேள்விக்கு என் விடை இந்த மூன்றாவதில் இருக்கிறது. அறியாதவருக்கு எந்த வழியும் இல்லை. அறிந்தவர் அயலவரிடம் கேட்கலாம், பிரதேச சபையிடம் கேட்கலாம், நீதிமன்றம்வரைக்கும் போகலாம். எந்த வழியில் போவது என்பதை அவரல்லவா தீர்மானிக்க வேண்டும்?

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் மெல்ல மெல்ல வருகிறது. இனிக் கிணற்றைப் பற்றி ஏன் கவலை என்று சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். குழாய் வந்தாலும் தோட்டத்துக்கு இறைப்பது கிணற்றில்தான். உழூச் செய்யும் ஹவுழுக்கும் பல பள்ளிகளில் கிணற்று நீர்தான். மதீனாவில் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்ட ரூமாக் கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் தம் பணத்தைக் கொடுத்து வாங்கி எல்லோருக்குமாக வக்பு செய்தார்கள். நாமும் கிணறு வெட்டிக் கொடுப்பதை ஸதகத்துல் ஜாரியாவாகக் கருதுகிறோம், பெயர்ப்பலகையும் வைக்கிறோம். அந்தக் கிணற்று நீரை வருடத்துக்கொரு தடவை பரிசோதித்து முடிவைப் பலகையில் எழுதும் செலவையும் தர்மக் கணக்கில் சேர்த்தால், சுற்றாடல் விஞ்ஞானம் படித்த பிள்ளைக்கு அங்கேயே ஒரு வேலையும் இருக்கிறது.

இந்த ஏட்டை வாசிப்பவர்கள் எழுதுகிறவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இடம்பெயர்ந்தவர்களின் குடிசைகளில் நாமும் போத்தலோடு போயிருக்கிறோம். கதை கேட்டோம், அவர்கள் தேநீர் தந்தார்கள், நாம் எழுதினோம். நமது கதைகளும் கவிதைகளும் தொகுப்புகளாயின. சிலவற்றுக்குப் பரிசும் கிடைத்தது. கதை தந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம்? அவர்கள் சொன்னதை நாம் சரியாகத்தான் எழுதினோமா என்று எத்தனை பேரிடம் கேட்டோம்? மாணவரிடம் நாம் எதிர்பார்ப்பதை அவர் நம்மிடமும் எதிர்பார்க்கலாம்.